‘இல்ல’ என்ற சொல்

செவ்வாய், இரவு.

லெட்சுமி தானாகவே வேலையை விட்டு நின்றார் என்பது தேயிலைத் தோட்ட நிர்வாகத்தின் வாதம். அன்றைய வேலைக்குப் பேர் பதியும் காலைப் பெரட்டுக்கு வந்தவரைக் கங்காணி திருப்பியனுப்பியதை அவர் மகள் கைப்பேசியில் பதிந்திருக்கிறாள். நாளைய தொழில் நியாய சபை விசாரணைக்காக அப்பகுதியை, அவருக்காக வாதாடும் நானே கணினியில் வெட்டி, லெட்சுமிக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

“என்னங்கய்யா, கங்காணிய நல்லவனாக்கிட்டீங்க! ‘இன்னைக்கு ஒனக்குப் பேரு’ன்னு நிக்குது. ‘இல்ல’ எங்கங்க?”

பேர் இல்லையென்றால் அன்று வேலை இல்லை. மவுஸால் இழுத்ததில் அந்தச் சொல் அறுந்திருந்தது. முடிவு நேரத்தை விசைப்பலகையில் தட்டினேன்: பதினான்கு வினாடி, எட்டாவது பிரேம். ‘இல்ல’ முழுதாக ஒலித்தது.

முழுப் பதிவையும் இணைத்தே சமர்ப்பிப்பேன். எங்கே வெட்டினீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். வழக்கே அந்த ஒரு சொல்தான். இனி அதை எவரும் விழுங்க முடியாது, நான் உட்பட.