கடைவீதி நடுவே உன் கல்

1941 பிப்ரவரி 14, வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணி. புதுக்கோட்டைக் கடைவீதியில் நீ நட்ட கல்லுக்கு முன்னால் ஏழு விளக்குகள் எரிகின்றன, என் அன்பு அண்ணே. எண்ணிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உயரம் அளக்க நட்ட கல் அது. அளவு முடிந்ததும் பிடுங்கிவிடலாம் என்று நீதான் சொன்னாய். நட்ட அன்றே உனக்குப் பேதி கண்டது. மறுநாள் நீ இல்லை. அந்த வாரமே யாரோ கல்லுக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். இப்போது துண்டும் கட்டியிருக்கிறார்கள். பார்த்தால் சிரிப்பாயா, திட்டுவாயா?

உன் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கடைவீதியைச் சீர்திருத்த உத்தரவாகிவிட்டது. தெருவுக்குள் நீட்டியிருக்கும் கூரைகளை வெட்டி, சந்தைக் கழிவு ஊரே குடிக்கும் ஊருணிக்குள் இறங்காதபடி கட்டுச் சாக்கடை போட்டு ஊருக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். சாக்கடைக் கோடு சரியாக உன் கல்லின் மேல் போகிறது. கல்லைச் சுற்றி வளைத்தால் வளைவில் வண்டல் தங்கும், அடைக்கும், மழையில் பொங்கி மறுபடி ஊருணிக்குத்தான் போகும். உன்னைக் கொன்ற அதே தண்ணீர்.

குளத்தூரிலிருந்து வந்த கூலியாட்கள், சாமிக் கல்லைத் தொட மாட்டோம் என்று கடப்பாறையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். எதிர்க்கடை ராவுத்தர் வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “உங்க அண்ணன் நகர மாட்டாரு தம்பி. உசுரோட இருக்கையிலேயே யாரு சொல்லி நகந்தாரு? நீங்க சாக்கடைக் கோட்டை அங்கிட்டு நகத்துங்க.” சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்று. உயரம் பார்க்கும் லெவல் கருவியின் குழாய்க்குள் எல்லாம் தலைகீழாகத் தெரியும், உனக்குத் தெரியாததா. போன வாரம் கண்ணை வைத்தேன். கல்லருகே ஒருவன் உன்னைப் போலவே இடது தோளைச் சாய்த்து நின்றான். கண்ணை எடுத்துப் பார்த்தேன், யாருமில்லை. கண்ணாடியைத் துடைத்தேன். வேறென்ன செய்ய? மறுபடி பார்த்தபோது அங்கே நம் ஆத்தா. தலைகீழாக, கல்லோடு பேசிக்கொண்டு.

போய் நேராகவே சொன்னேன், அது வெறும் கல் என்று.

“ஒனக்குக் கல்லு. எனக்கு அவன் கடைசியாக் கை வச்ச எடம்டா,” என்றாள்.

சாக்கடை வளைந்தால் என்னாகும், இன்னும் எத்தனை வீட்டில் பிள்ளை சாகும் என்று விளக்கினேன். குரல் உயர்ந்திருக்கும். கல்லில் கட்டிய துண்டை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்:

“தோண்டுறப்ப அவனுக்கு வலிக்காமத் தோண்டுவியா?”

ஆகட்டும் என்று தலையை ஆட்டினேன், அண்ணே.

இனி நான் செய்யப்போவது:

1. கல் போனாலும் உன் அளவு போகாதபடி, கல்லின் உயரத்தை இன்றே தெருமுனை மண்டபத் தூணில் குறித்துவிடுவேன்.

2. ஆட்களைக் கூப்பிட மாட்டேன். கடப்பாறையும் வேண்டாம். களைக்கொட்டு எடுத்து நானே தோண்டுவேன்.

3. சாக்கடையை ஒரு விரல்கடைகூட வளைக்க மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

4. ஆத்தா பக்கத்தில் நிற்பாள். அவளுக்காக, வலிக்கிறதா என்று உன்னைக் கேட்பேன். பதில் வந்தாலும் தோண்டுவதை நிறுத்த மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி