மாப்பிள்ளை வண்டியின் நீலப் புகை

ஜூன் 8, ஞாயிறு

அப்பா இன்று காரில் ஏறினார். என் காரில் இல்லை.

யுவராணியும் மாப்பிள்ளையும் போடியிலிருந்து காலையிலேயே வந்துவிட்டார்கள். தங்கைக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து ஞாயிறு என்றால் இதுதான் வழக்கம். மாப்பிள்ளை வினோத்ராஜுக்கு ஏலக்காய் வியாபாரம். நேரில் அவனுக்கு 'வாங்க மாப்ள'. இங்கே எழுதும்போது 'அவன்'தான் வருகிறது. வரட்டும்.

புதிதாக ஒரு கறுப்புக் கார். புதிது இல்லை, கோயம்புத்தூரில் யாரோ ஆசை ஆசையாக மாற்றி வைத்திருந்த டீசல் வண்டி. பெரிய டர்போ, பெரிய இன்டர்கூலர், இழுவை கூட என்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றி எழுதிய ரீமேப். இவன் ஒரு நட்டைக்கூடத் திருகவில்லை. போனான், வாங்கினான், வந்தான்.

"மாமா, ஒரு ரவுண்டு போவமா?" என்றான். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டார். கம்பம் வரை போய்த் திரும்பினார்கள். இறங்கும்போது அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். "மாப்ள மிதிச்சாக பாரு, முதுகு சீட்டோட ஒட்டிக்கிருச்சு!"

என் வண்டியைப் பழைய டீசலாக வாங்கி, தேனியில் மெக்கானிக் சுருளியாண்டி பட்டறையில் அவனோடு படுத்துப் புரண்டு நான்கு வருடமாகக் கட்டியிருக்கிறேன். அப்பா அதற்கு வைத்த பேர் கரிச்சட்டி. ஒருநாள்கூட ஏறியதில்லை.

ஜூன் 9, திங்கள்

திராட்சைப் பந்தலில் கம்பி இழுத்துக் கட்டினோம். அரைநாளும் அப்பாவுக்குப் பேச்சு அந்த வண்டியைப் பற்றித்தான். நான் கம்பியை இழுத்த இழுப்பில் ஒரு முனை அறுந்தே போனது.

ஜூன் 15, ஞாயிறு

தேனியில் பழப்பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். உத்தமபாளையம் பைபாஸ் ஆரம்பிக்கிற இடத்தில் கறுப்பு வண்டி பக்கத்தில் வந்தது. அவனும் யுவராணியும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

கண்ணாடியை இறக்கினான். "என்ன மச்சான், பாப்பமா?"

"வேணாம்ணே, சும்மா வா," என்றாள் யுவராணி. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முன்னே ரோடு காலியாகக் கிடந்தது. யோசிக்கவே இல்லை, கியரைக் குறைத்து மிதித்தேன். மூன்றாவது கியர் வரை நான்தான் முன்னால். அவனுடைய டர்போ பெரிது, காற்றை இழுத்து நிமிர நேரம் பிடிக்கும், அது எனக்குத் தெரியும். அதற்குள் அடித்துவிடலாம் என்று நினைத்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். டர்போ காற்று போகிற இன்டர்கூலர் ஹோஸ் கழன்றுவிட்டது. அந்தக் காற்றழுத்தம், பூஸ்ட், மொத்தமும் போய், வண்டி கறுப்பாகப் புகையைக் கக்கிக்கொண்டு தவழ்ந்தது.

அவன் நின்று, திரும்பி வந்தான். வெள்ளைச் சட்டையோடு குனிந்து ஹோஸை மாட்ட உதவி செய்தான். கையெல்லாம் கரி. "வீட்ல நான் எதுவும் சொல்லல மச்சான்," என்றான்.

சொல்லவும் இல்லை. யுவராணி சொன்னாள். இலையில் கறியைப் போட்டுக்கொண்டே அப்பா, "கரிச்சட்டிக்கு அம்புட்டுத்தேன்," என்றார். அம்மாகூடச் சிரித்தாள்.

தோற்றதுகூடப் பரவாயில்லை. அந்தக் கரி பட்ட கையோடு அவன் என்னைப் பார்த்துப் பாவப்பட்டானே, அது!

ஜூன் 17, செவ்வாய்

சுருளியாண்டியிடம் போனேன். ஹோஸுக்குக் கெட்டியான கிளிப் போட்டாயிற்று. பூஸ்ட்டை இன்னும் ஏற்றச் சொன்னேன்.

"ஏத்தலாம். ஒன் கிளட்ச் வண்டியோட வந்த கம்பெனிக் கிளட்ச். எம்புட்டுத் தாங்கும்னு நெனைக்கிற?"

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும்."

"யார்கூடடா போட்டி?"

சொல்லவில்லை. தங்கச்சி புருசன் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் 22, ஞாயிறு

ஜெயித்தேன்! அதே பைபாஸ். இன்றைக்கு நானே ஹாரன் அடித்துக் கூப்பிட்டேன். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவன் என் பின்கண்ணாடியில்தான் இருந்தான். கடைசியில் கிளட்ச் லேசாக வழுக்கிக் கருகல் வாடை வந்தது. இருக்கட்டும்.

அந்தக் கண்ணாடியில் இன்னொன்றும் பார்த்தேன். அவன் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போதெல்லாம் அவன் வண்டிக்குப் பின்னால் புகை. கறுப்பு இல்லை, நீலம்.

கறுப்பு என்றால் டீசல் மிஞ்சுகிறது, ஒன்றும் ஆகாது. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போவுக்குள் ஆயிலைத் தடுக்கிற சீல் போகப்போகிறது. என் பழைய டர்போ அப்படித்தான் போனது, வீரபாண்டி பக்கத்தில். சீல் விட்டால் என்ஜின் தன் ஆயிலையே குடித்துத் தானாக ஓட ஆரம்பித்துவிடும். சாவியை அணைத்தாலும் நிற்காது. வெடிக்கிற வரை கத்தும். அன்றைக்குச் சுருளியாண்டி பக்கத்தில் இருந்தான். டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டு என்ஜினின் மூச்சை அடக்கினான்.

வீட்டில் நான் ஜெயித்ததை யாரும் சொல்லவில்லை. நானே சொன்னேன். அப்பா, "மாப்ள விட்டுக் குடுத்திருப்பாக," என்றார்.

புகையைப் பற்றிச் சொல்லலாம் என்று வாய் வரை வந்திருந்தது. அதைக் கேட்டதும் உள்ளே போய்விட்டது.

ஜூன் 25, புதன்

யுவராணி போன் செய்தாள். "அண்ணே, வண்டி ஆயில் குடிச்சுக்கிட்டே இருக்காம். இவுகளும் ஊத்திக்கிட்டே இருக்காக. ஏதும் கோளாறா? ஒன்னயத்தேன் கேக்கச் சொன்னாக."

என்னைத்தான் கேட்கச் சொன்னானாம். அவனுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும் என்று நினைக்கிற ஒரே ஆள் அவன்தான்.

நான் சொன்னேன்: "பெரிய டர்போன்னா கொஞ்சம் குடிக்கத்தேன் செய்யும்."

"பயமில்லையே?"

"இல்ல."

ஏன் சொன்னேன்? நடுரோட்டில் நிற்கட்டும், ஒருநாள் அவனும் கரிச்சட்டி ஆகட்டும், கயிறு கட்டி நான் இழுத்துக்கொண்டு வர வேண்டும், அப்பா அதை வாசலில் நின்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் நினைத்தேன். அதற்கு மேல் எதுவும் நினைக்கவில்லை. சத்தியமாக.

ஜூன் 26, வியாழன்

போனைக் கையில் எடுத்தேன். வைத்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

காலையில் வந்தார்கள். வண்டன்மேட்டில் அவன் ஒரு ஏலத் தோட்டம் குத்தகைக்கு எடுக்கிறானாம். அப்பா பார்த்துச் சரி சொன்னால்தான் எடுப்பானாம். யுவராணி அம்மாவோடு இருந்துவிட்டாள். இருவர் மட்டும் கிளம்பினார்கள், கம்பம்மெட்டு மலை ஏறி.

வண்டி திரும்பிய இடத்தில் நீலப் புகை அப்படியே நின்றது. வேப்பமரத்தடியில், கலையாமல்.

மலை ரோடு. ஏற்றம் முழுக்க டர்போ வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். முன்சீட்டில் அப்பா.

போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. அப்பாவுடைய போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, "என்னாண்ணே?" என்று யுவராணி பின்னால் வந்தாள். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

கம்பத்தைத் தாண்டியதும் சிக்னல் போய்விட்டது. ஏற்றம் தொடங்கியது. மேலே ஒரு வளைவில் கறுப்பு வண்டி தெரிந்தது. லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தேன், ஹாரனை விடாமல் அடித்தேன். அவன் கண்ணாடி வழியாகக் கையை வெளியே நீட்டி, 'வா வா' என்று ஆட்டினான்.

பந்தயம் என்று நினைத்துவிட்டான். பின்னே என்ன நினைப்பான்? இதற்கு முன் எதற்காக அவன் பின்னால் போயிருக்கிறேன் நான்?

அவன் மிதித்தான். புகை கூடியது. நானும் மிதித்தேன். என் என்ஜின் அலறியது, வண்டி போகவில்லை. கிளட்ச் வழுக்கியது. அவனை ஜெயிக்க ஏற்றினேனே அந்த பூஸ்ட், அது கிளட்சைத் தின்று தீர்த்திருந்தது. ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. எனக்குப் பின்னால் தோட்டத்து வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் வந்துகொண்டிருந்தது. நாலு வருசம் கட்டுன வண்டி, வேணும்ங்கிற நேரத்துல மாட்டு வண்டியாட்டம்—

அடுத்த வளைவில் அந்தச் சத்தம் கேட்டது. எழுத வரவில்லை. ஒரு மிருகம் கத்துவது மாதிரி. ரோடு முழுக்க வெள்ளையும் நீலமுமாகப் புகை, எதிரே எதுவும் தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி ஓடினேன். அவன் கட்டைச்சுவரை ஒட்டி நிறுத்தியிருந்தான். "அணைச்சுட்டேன் மச்சான், சாவி கையில இருக்கு, நிக்க மாட்டேங்குது!" என்று சாவியைத் தூக்கிக் காட்டினான். குழந்தை மாதிரி இருந்தது முகம்.

"எறங்குங்க! அப்பாவைக் கூட்டிக்கிட்டுத் தள்ளிப் போங்க!"

பதற்றத்தில் அப்பாவுக்குக் கதவைத் திறக்க வரவில்லை. அவன் சுற்றி ஓடி இழுத்து வெளியே கொண்டுவந்தான். நான் உள்ளே உட்கார்ந்தேன். கிளட்சை மிதித்து டாப் கியரில் போட்டேன். பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சைச் சட்டென்று விட்டேன். வண்டி ஒரு குதி குதித்தது, குலுங்கியது. பிறகு நின்றது.

எவ்வளவு அமைதி அப்போது. ஜீப்பிலிருந்த பெண்கள் இறங்கி ரோட்டில் நின்றார்கள்.

வெளியே வந்ததும் அப்பா என்னை அறைந்தார். "அப்பனை வச்சுக்கிட்டு மலையேறுற வண்டிகூட ஒனக்குப் பந்தயமாலே? மனுசனாலே நீ?"

வாங்கிக்கொண்டேன். வேறு காரணத்துக்காக வாங்க வேண்டிய அறைதான் அது.

"மாமா, மச்சான் வரலைன்னா நாம இங்கன இல்ல," என்று அவன் சொன்னான். அப்பா என்னைப் பார்த்தார். அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. நான் இத்தனை வருடம் ஏங்கிக் கிடந்த பார்வை. என்னால் நிமிர முடியவில்லை.

ஜூன் 30, திங்கள்

அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். "எம்மவன் இல்லைன்னா..." டீக்கடையில் எனக்குக் காசு வாங்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜூலை 3, வியாழன்

யுவராணி வந்தாள். தனியாக, பஸ்ஸில். பந்தலுக்குக் கீழே நான் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒனக்கு முந்தியே தெரியும்லண்ணே? போன்ல கேட்டப்பவே தெரியும்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சீல் போவதை யார் கண்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். நம்பத்தான் வந்திருந்தாள்.

"தெரியும்," என்றேன்.

"எதுக்குண்ணே?"

"பொறாம."

வேறு வார்த்தை இல்லை. அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "இவுகளுக்கும் தெரியும். மலையில நீ லைட்டுப் போட்டப்ப தெரியல, அப்பறம் யோசிச்சுப் பாத்துச் சொன்னாக. அப்பாகிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக. அதுக்காகத்தேன் சும்மா போறேன்," என்றாள். போய்விட்டாள்.

அவனுக்குத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன், ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். இதிலும் அவன்தான் முன்னால் போகிறான். இதற்கும் வயிறு எரிகிறது எனக்கு. என்ன ஜென்மம் நான்.

ஜூலை 5, சனி

அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். முழுசாக. அவர் கைவேலையை நிறுத்தவில்லை. கடைசியில், "மாப்ளைட்டப் போயி நில்லு," என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 6, ஞாயிறு

போடிக்குப் போய் நின்றேன். மன்னிப்பு என்ற சொல்லை வாசலிலேயே சொன்னேன், உள்ளே போனால் சொல்லமாட்டேன் என்று பயந்து. யுவராணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அவன் ஒரு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். பிறகு, "என்ஜின் போச்சு மச்சான். நீங்களே கட்டிக் குடுங்க," என்றான்.

"எம் மேல நம்பிக்கையா?"

"இல்ல. நானும் பக்கத்துல இருந்து பாப்பேன்."

அதுதான் சரி.

ஜூலை 13, ஞாயிறு

வாரம் முழுக்க சுருளியாண்டி பட்டறையில் என்ஜினைப் பிரித்துக் கட்டினோம். அந்தப் பெரிய டர்போவைக் கழற்றிப் போட்டுவிட்டு, கம்பெனி அளவு டர்போ வைத்தோம். ரீமேப்பை அழித்து, கம்ப்யூட்டரையும் பழையபடி ஆக்கினோம். வினோத்ராஜ் ஒவ்வொன்றுக்கும், "இது எதுக்கு மச்சான்?" என்று கேட்டான். ஆயில் பைப்பை நான் முறுக்கியதை அவனும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தான். முறுக்கட்டும். நல்ல கை அவனுக்கு. கற்றுக்கொடுத்தால் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான் என்று தோன்றியது. சுருக்கென்றது. இருந்தாலும் சொல்லிக்கொடுத்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

தேனியில் ஒரு காதுகுத்து. மாப்பிள்ளை வண்டியில் போனோம். திரும்பும்போது அவர் என்னிடம் சாவியைக் கொடுத்து, "சத்தம் சரியா இருக்கான்னு ஓட்டிப் பாத்துச் சொல்லுங்க," என்றார். அப்பாவும் யுவராணியும் பின்சீட்டில்.

சின்னமனூர் தாண்டி ஒரு சிவப்பு வண்டி பின்னால் வந்து ஒட்டியது. லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தான். எவனோ சின்னப் பையன். எனக்குக் கால் அரித்தது, பொய் சொல்வானேன். இடது பக்கம் ஒதுங்கி வழி விட்டேன். அவன் விர்ரென்று போனான்.

"ஏன்லே அவனை விட்ட?" என்றார் அப்பா. அவருக்கே கோபம்.

நான் அதே வேகத்தில் ஓட்டினேன்.

"போகட்டும்ப்பா," என்றாள் யுவராணி. பிறகு கொஞ்சம் முன்னால் குனிந்து, பந்தலில் கேட்டுவிட்டுப் போன பிறகு முதல்முறையாக என்னிடம், "அண்ணே, அங்கன எளநிக் கடை வருது. ஓரமா நிப்பாட்டு," என்றாள்.

நிறுத்தினேன்.