நான்காம் கேள்வி

ஏப்ரல் 3, வியாழன்

வாக்குச் சீட்டில் ஆளின் பெயர் இராது. கட்சியோ குழுவோ, அதன் பெயரும் சின்னமும்தான். போன முறை எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேர் யாரென்றே தெரியாமல் ஓர் ஆளைப் பிரதேச சபைக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஐந்து வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் இந்த முறை சனசமூக நிலையம் ஒரு தாள் போடுகிறது. ஆறு வேட்பாளர்கள், எல்லோருக்கும் ஒரே நான்கு கேள்விகள், பதில் அவரவர் சொன்னபடியே. கேள்விகளை எழுதியவர் தலைவர் லெனாட் அண்ணை. பதில்களை வாங்கி நல்ல எழுத்தில் படியெடுப்பது செயலாளராகிய என் வேலை.

ஆறு பேரில் ஒருவன் என் தம்பி சிமியோன். அதைச் சொல்லி விலகப் பார்த்தேன். "உம்மிலை எங்களுக்கு நம்பிக்கை இருக்கு, கத்தரீனா" என்று லெனாட் அண்ணை கதையை முடித்துவிட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று கிறிஸ்ரினா. தண்ணீர் பவுசர் வண்டி வராமல் விட்ட கிழமை பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் வீதியை மறித்தவள். நான்காம் கேள்வி: உங்கள் மீது பொலிசில் முறைப்பாடு ஏதும் உண்டா?

"உண்டு. தண்ணிக்காக றோட்டை மறிச்சது. அப்பிடியே எழுதுங்கோ அக்கா."

சிரித்துக்கொண்டு சொன்னாள். இவளுக்கு நான் வாக்குப் போடுவேனா? தம்பி நிற்காவிட்டால் போடுவேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

முதல் மூன்று கேள்விக்கும் சிமியோன் நன்றாகத்தான் சொன்னான். இறங்குதுறை, வாய்க்கால், வீதி விளக்கு. நான்காவதுக்கு என் முகத்தைப் பார்த்தான்.

"இல்லை எண்டு எழுதக்கா."

இல்லையா? போன ஒக்ரோபரில் வசந்தினியின் கையை முறித்தவன். கட்டின மனுசியின் கையை. அவள் பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதிவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் அவளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய், சமாதானமாகப் போகிறோம் என்று கையெழுத்து வைக்கப் பண்ணினது ஆர்? நான்தான். அம்மா செத்த பிறகு நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அவனை மறியல் சிறையிலை வைக்க விடுவனோ நான்?

ஏப்ரல் 13, ஞாயிறு

முறைப்பாடு இருந்தது. வழக்கு வரவில்லை.

வழக்கு.

ஏப்ரல் 15, செவ்வாய்

படியெடுத்து முடித்தேன். நான்காம் கேள்வி இப்போது இப்படி இருக்கிறது: உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா?

லெனாட் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஏன் பிள்ளை சொல்லை மாத்தினீர் என்று கேட்டார். முறைப்பாடு ஆரும் ஆரிலும் போடலாம், வழக்கென்றால்தான் விஷயம் என்றேன். அதுவும் சரிதான் என்று போட்டோக் கொப்பியடிக்கக் கொடுத்துவிட்டார். சிமியோனின் பெயருக்கு நேரே 'இல்லை'. ஓர் எழுத்தும் பொய்யில்லை.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலிலேயே அறுநூறு தாளும் போய்விட்டது. கிழடுகள்கூட வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அந்தச் சந்தோஷம் பத்து நிமிடம்.

கிறிஸ்ரினா தாளோடு வந்தாள். "அக்கா, எனக்கு எங்கை வழக்கு இருக்கு?"

பார்த்தேன். கேள்வியை மாற்றிய நான் கிறிஸ்ரினாவின் பதிலை மாற்ற மறந்துவிட்டேன். வழக்கு உண்டா? உண்டு. எழுத்துப் பிழை, திருத்தி அறிவித்தல் போடுகிறேன் என்றேன். மெய்யாகவே பிழைதான். வேணுமெண்டு செய்யேல்லை — ஆண்டவரே, இதையாவது நம்பும்.

ஏப்ரல் 23, புதன்

அறிவித்தல் போடவில்லை. போட்டால் லெனாட் அண்ணை பழைய கேள்வியையே எல்லோரிடமும் திரும்பக் கேட்கச் சொல்வார். சிமியோனிடமும்.

ஏப்ரல் 29, செவ்வாய்

கிறிஸ்ரினா இரண்டு தரம் நிலையத்துக்கு வந்து என்னைத் தேடினாளாம். நான் பின்பக்கத்தால் போய்விட்டேன்.

மே 6, செவ்வாய்

வாக்குப் போட்டேன். யாருக்கென்று இங்கேயும் எழுத மாட்டேன்.

மே 7, புதன்

சிமியோன் பதினேழு வாக்கில் வென்றுவிட்டான். அடுத்ததாக வந்தவள் கிறிஸ்ரினா. காலையில் மீன் சந்தையில் ஒருத்தி என் தோளைத் தட்டி, "உங்கடை தாளைப் பாத்துத்தான் போட்டனாங்கள், வழக்குக்காறிக்கு ஆர் போடுவினம்?" என்றாள். சந்தியில் வெடி கொளுத்துகிறார்கள். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மே 25, ஞாயிறு

சிமியோன் வீட்டுக்குப் போனேன். தாளை லமினேற் பண்ணி, முன் அறையில் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறான். வருகிறவர்களுக்கெல்லாம் அக்காவின் எழுத்து என்று காட்டுகிறானாம்.

வசந்தினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வடிவான எழுத்து மச்சாள் உங்களுக்கு."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

யூன் 14, சனி

ஆஸ்பத்திரி. வசந்தினிக்குத் தாடை உடைந்திருக்கிறது, கதைக்க முடியாது. கிணற்றடியில் வழுக்கினவ என்று சிமியோன் சொல்லியிருக்கிறான். டொக்டர் நம்பாமல் பொலிசைக் கூப்பிட்டிருக்கிறார். சிமியோன் வெள்ளைச் சேர்ட்டோடு வெளியே விறாந்தையில் நின்றான். 'மெம்பர், மெம்பர்' என்று ஆட்கள் வந்து கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் கட்டிலடியில் என்னிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்கடை தம்பியிலை முந்தி முறைப்பாடு ஏதும் இருக்கோ?"

முறைப்பாடு என்றுதான் கேட்டார். தெளிவாகக் காதில் விழுந்தது. வசந்தினி கண் திறந்து என்னைப் பார்த்தபடி கிடந்தாள்.

"வழக்கு ஒண்டும் இல்லை" என்றேன்.

அவர் 'இல்லை' என்று எழுதி, கீழே என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.