கடுகு பேசாவிட்டால்

நண்பா,

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நாம் சேர்ந்து தொடங்கிய இசைக்குழுவிலிருந்து என்னைக் கழற்றிவிட்டு, என் மெட்டுகளை நீ இன்னும் பாடிக்கொண்டிருக்கிறாய். அதை நான் மன்னிக்கவில்லை.

உன் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருக்கிறேன். யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. உன்னைத் திட்டத்தான் சேர்ந்தேன். எதற்கெடுத்தாலும் வெடிப்பதால் ‘கடுகு’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது திடீரென்று பேசாமல் போனால், அருகில் இருப்பவர்கள் நேரில் போய்க் கதவைத் தட்டுவார்கள். மருத்துவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து நான் அங்கே எதுவும் எழுதவில்லை. ரசிகர் சட்டைக்காக (ஆமாம், வாங்கினேன்) கொடுத்த முகவரி அவர்களிடம் இருந்தது.

நேற்று ஒரு பேருந்து ஓட்டுநரும் ஒரு தையற்காரப் பெண்ணும் வாசலில் நின்றார்கள்.

“என்ன கடுகண்ணே, சத்தத்தையே காணோம்? பாட்டுக்காரரைத் திட்ட ஆளில்லாம குரூப்பே டல்லடிக்குது!” என்றாள் அவள். மேசையில் கிடந்த ஸ்கேன் உறையைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது. செவ்வாய்க்கிழமை அறுவை சிகிச்சை என்று சொன்னேன்.

“செவ்வாய்க்கிழமை நாங்களே கூட்டிட்டுப் போறோம். அதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது பேசணுமாண்ணே?” என்றார் ஓட்டுநர்.

யாருமில்லை என்றேன். தொண்டையில்தான் அறுவை. குரல் மிஞ்சுமா என்று கேட்டதற்கு மருத்துவர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பேனா கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது.

வீடு மாறவில்லை. உன்னை வாய்விட்டுத் திட்ட எனக்குத் திங்கட்கிழமைவரைதான் குரல் உறுதி.

பெயர் போடாமல்தான் தபாலில் சேர்க்கப் போகிறேன். என் கையெழுத்து உனக்கு நினைவிருந்தால் வா. இல்லையென்றால், உனக்கு வரும் ரசிகர் கடிதங்களோடு இதுவும் கிடக்கட்டும்.