வேண்டுமென்றே போட்ட தப்புக் கணக்கு

சுண்ணாம்புக்குளம்
ஆடி 22

அன்பு மகன் கவியரசனுக்கு நைனா எழுதுவது. அந்த மஸ்கட் வெயிலில் கருகிப்போகாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நீ நல்லபடியாக இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எனக்கும் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் ஒரு குறையும் இல்லை, அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, அதுவும் நான் ஏதாவது வேலை சொன்னால்தான் வருகிறது. போனில் பேசினால் உன் வாயிலிருந்து சரி நைனா, வெக்கிறேன் நைனா என்ற இரண்டைத் தவிர எதுவும் வருவதில்லை. ஆரம்பாக்கம் இளவழகன் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான் என்று கேள்விப்பட்டு, இறால் கருவாட்டோடு இந்தக் கடிதத்தையும் அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். கருவாட்டை ரூமில் எல்லோருக்கும் கொடு, கடிதத்தை நீ மட்டும் படி, ஏனென்றால் உன் மேல் ஒரு பிராது இருக்கிறது.

தங்கச்சி தேவதர்ஷினி இந்த வருஷம் ஐந்தாவது. பள்ளிக்கூடத்துக்கு வரச்சொல்லி திரௌபதி டீச்சர் ஆள் அனுப்பினார்கள், அம்மாவும் நானும் போனோம். மூன்றாவது வரைக்கும் நூற்றுக்கு நூறு வாங்கிய பிள்ளை, இப்போது கணக்கில் அறுபதைத் தாண்டுவதில்லை, பாடம் நடக்கும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றார்கள். அம்மா உடனே கண்திருஷ்டி என்று முடிவுகட்டி வீட்டுக்கு வந்ததும் மிளகாய் சுற்றிப் போட்டாள். எனக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். நானோ, உன்னைப் போலத்தான் இவளுக்கும் கணக்கு வரவில்லை, அண்ணன் தங்கச்சி இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று சொல்லிவிட்டேன். இதைக் குறித்துவைத்துக்கொள், இதற்குக் கீழே பதில் வருகிறது.

போன வாரம் பாடு முறை எழுத ஊர் கூடியது. எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று கார்த்திகை வரைக்கும் மூர்த்தி நோட்டில் எழுதிப் படித்தான். ஏரி முகத்துவாரத்துப் பாடு, அதுவும் அமாவாசைக்கு, நமக்கு விழுந்திருந்தது. இறால் வாரிக்கொண்டு வரலாம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து எனக்கு வெற்றிலை கொண்டுவந்த உன் தங்கச்சி, மாமா நீ தப்பா எய்தினு இருக்கே என்றாள். இன்னாடி தப்பு என்று மூர்த்தி முறைத்தான். ஊரில் சாவு விழுந்து இரண்டு நாள் யாரும் ஏரியில் இறங்கவில்லையே, சாவு நாள் முறையில் சேராதுன்னு நீங்கதானே சொல்லுவீங்கோ, அதையும் சேத்து எண்ணிட்டே என்றாள். சொன்னதோடு நிற்காமல், நோட்டைப் பார்க்காமல், கார்த்திகை வரைக்கும் யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று ஒப்பித்தாள். மூர்த்தி திரும்ப எண்ணினான், ஒரு நாள் பிசகவில்லை. அமாவாசைப் பாடு தருமலிங்கம் மாமாவுக்குப் போய்விட்டது. அவர் அவளுக்குக் கடலை உருண்டை வாங்கிக் கொடுத்தார். நான் வெற்றிலையை மென்றுகொண்டு வீட்டுக்கு வந்தேன். வயிறு எரிந்தது உண்மை, ஆனால் ஊரே அவளைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்ததும் உண்மை.

மறுநாளே டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்றைக் கொடுத்தார்கள், நான் மூக்கைத் துடைப்பதற்குள் போட்டுவிட்டாள். அப்புறம் எதுக்குடி அறுபது என்று கேட்டதற்கு அழுதுகொண்டே சொன்னாள். கணக்கைச் சீக்கிரம் முடித்தால் மற்ற பிள்ளைகளின் நோட்டைத் திருத்தக் கொடுத்துவிடுகிறார்கள், தப்புக்குச் சுழி போட்டதால் ஒருத்தியும் இவளை விளையாட்டில் சேர்ப்பதில்லையாம். டீச்சர் நல்ல மனுஷி, மழுப்பவில்லை. இந்தப் பொண்ணுக்கு நான் குடுக்கிறது பத்தல, பத்தாததுக்கு எடுபிடி வேலை குடுத்துட்டேன், என் தப்புதான் என்றார்கள். இனி நோட்டுத் திருத்துகிற வேலை கிடையாது, கணக்கு வகுப்புக்கு மட்டும் எட்டாவதில் போய் உட்காரட்டும், மற்றபடி தன் வயசுப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு. ஆனால் மகாராணி போகமாட்டேன் என்கிறாள். அண்ணன் சொன்னால்தான் போவாளாம்.

ஏனடி என்று விசாரித்தால் அங்கேதான் உன் குட்டு உடைந்தது. போன பொங்கலுக்கு இவள் போனில் அழுதபோது யோசனை சொன்ன புண்ணியவான் நீயாம். நாலு கணக்கு தெரிஞ்சே தப்பா போடு, உன்னை வுட்டுடுவாங்கோ, நானும் அப்பிடித்தான் போட்டேன்னு சொன்னாயாம். ஊரில் இல்லாத வாத்தியார், மஸ்கட்டிலிருந்து டியூஷன் எடுக்கிறார்!

முதலில் சிரித்துவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உன் பழைய மார்க்கு ஞாபகம் வந்தது. எட்டாவதில் கணக்கில் நாற்பத்தெட்டு வாங்கி வந்தாய் என்று உன்னை விளாசினேன். இவனுக்குக் கணக்கு ஏறாது என்று நானே முடிவுசெய்துதான் உன்னை ஏசி மெக்கானிக் வேலைக்குப் படிக்க அனுப்பினேன். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை, நம் வீட்டு ஓடு மாறியதே அதில்தான். ஆனால் ஏன்டா இப்படி வாங்கினாய் என்று ஒரு வார்த்தை உன்னை நான் கேட்கவில்லை. அந்த அடி என் தப்பு கண்ணு. அதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

ஏசி மாட்ட மாடியில் ஏறும்போது இடுப்புக் கயிறு கட்டிக்கொள், தலைக்கு எண்ணெய் வை. தங்கச்சி திங்கட்கிழமை எட்டாவதில் போய் உட்காரவேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் போட்டு, போடுகிற கணக்கைச் சரியாகப் போடு என்று அவளிடம் சொல். உனக்கும் கணக்கு நன்றாக வரும் என்பதையும் சேர்த்துச் சொல். ஸ்பீக்கரில் போடச் சொல்கிறேன். அதை உன் வாயால் நானும் கேட்கவேண்டும்.

எல்லையம்மன் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும், தீர்க்காயுசாக இரு.

இப்படிக்கு
உன் நைனா
செங்கல்வராயன்