வெல்லோவுக்கு ஒரு முகவரி

தாலின், கோப்லி
ஜூலை, முதல் ஞாயிறு

என் செல்ல மகள் ஹெலேரிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், என் வயசுக்குக் கொஞ்சம் அதிகமாகவே சௌக்கியம். நீ அங்கே பிரிஸ்பேனில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? குளிர்காலம் வந்துவிட்டது, நடுங்குகிறேன் என்று போன வாரம் வீடியோ போனில் அழுதாய், உன் பின்னாலேயே ஒருவன் அரைக்கால் சட்டையோடு ஐஸ்கிரீம் தின்றுகொண்டு போனதையும் நான் பார்த்தேன். அது கிடக்கட்டும். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் வீட்டு முகவரியில் வெல்லோ குடியிருப்பவராகப் பதிந்துகொள்ள ஆசைப்படுகிறார். அப்பா போன பிறகு வீட்டில் பாதி உன் பேரில் இருக்கிறது, உன் சம்மதம் இல்லாமல் நகர அலுவலகத்தில் ஏற்கமாட்டார்கள். வெறும் பதிவுக்காக மட்டும் கேட்கவில்லை என்பது உனக்கே புரிந்திருக்கும். எழுதிவிட்டேன், இனி அடித்து அழிக்கமாட்டேன்.

வெல்லோ யார் என்று நீ கேட்கமாட்டாய். நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் சுழல் ஊஞ்சல் போட்டி என்றால் டிவியில் அவர்தானே. அந்த நெட்டை இரும்பு ஊஞ்சலில் காலைக் கட்டிக்கொண்டு நின்று, உந்தி உந்தி ஒரு முழு வட்டம் அடித்து இறங்குவாரே, நீயும் அப்பாவும் சோபாவில் எழுந்து நின்று கத்துவீர்களே, அந்த வெல்லோ. இப்போது முடி முழுக்க வெளுத்துவிட்டது, தோள் மட்டும் அப்படியே இருக்கிறது (தோளை நான் ஏன் கவனித்தேன் என்று கேட்காதே). டிராம் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் பல வருஷமாக இருக்கிறார். நான் ஓட்டும் டிராமில்தான் தினமும் நீச்சல் குளத்துக்குப் போய் வருவார், என் ஓட்டுநர் அறைக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில் உட்காருவார். முதல் வருஷம் முழுக்க எங்களுக்குள் நடந்த பேச்சு வணக்கம், நன்றி, இந்த இரண்டுதான். இரண்டாவது வருஷம் மழை வரும்போல இருக்கு என்றார். நம் ஆட்களைத்தான் உனக்குத் தெரியுமே, அதுவே பெரிய முன்னேற்றம். அப்புறம் ஒரு நாள் சொந்தத் தீவான மூஹுவிலிருந்து வந்தபோது ஒரு கறுப்பு ரொட்டியை என் கதவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அன்றைக்கு நான் ஊரெல்லாம் மணியடித்துக்கொண்டே ஓட்டினேன், தண்டவாளத்தில் ஒரு புறா கூட இல்லை.

இந்த வசந்தத்தில் நம் வட்டாரச் சங்கத்துக்காரர்கள் டிராமுக்குள் எல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள், கோப்லியின் பெருமைமிகு குடியிருப்பாளர்கள் என்று. கப்பல் கட்டியவர் ஒருவர், ஓபரா பாடகி ஒருத்தி, நடுவில் நம் வெல்லோ, ஊஞ்சலில் தலைகீழாக. பாடகிக்குத் தன் படத்தைப் பின்கதவுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்கள் என்று கோபம், நிர்வாகத்திடம் போய்ச் சண்டை போட்டாள். வெல்லோவுக்கோ தன் படம் இருப்பதே கோபம். அன்று டிராமில் ஏறினார், தன் முகத்தைத் தானே பார்த்தார், காதுவரை சிவந்துபோய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், அந்த வெட்கத்தில் டிக்கெட் எடுக்கவே மறந்துவிட்டார். நமக்கென்றால் பரவாயில்லை, தாலினில் பதிந்தவர்களுக்கு டிராம் இலவசம். அவர் பதிவோ இன்னும் மூஹுவில். அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினாள், கெர்லி என்று ஒரு சின்னப் பெண், முதல் வாரம்போல இருக்கிறது, விறைப்பாக நின்றாள். அவர் அட்டையைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு நீங்க தாலின்காரர் இல்லையே, டிக்கெட் எங்கே என்று கேட்டாள். நான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு வியர்க்கிறது.

நம் மாடியில் இருக்கும் ஸினைதா அம்மா சும்மா இருப்பாளா? கையில் இருந்த வெங்காயப் பையோடு எழுந்துவிட்டாள். "ஏம்மா பொண்ணே, கண்ணு தெரியுதா இல்லையா? தலைக்கு மேல பாரு, கோப்லியின் பெருமைமிகு குடியிருப்பாளர்னு இவ்வளவு பெரிசா எழுதியிருக்கு" என்றாள். அந்தப் பெண் போஸ்டரைப் பார்த்தாள், வெல்லோவைப் பார்த்தாள், படம் தலைகீழாக இருந்ததால் தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தாள். "போஸ்டர்ல பெருமைமிகு குடியிருப்பாளரா இருக்கலாம் பாட்டி, பதிவுல மூஹுக்காரராத்தானே இருக்காரு" என்றாள். டிராமே சிரித்தது. வெல்லோ மட்டும் எழுந்து நின்று, இந்தப் பொண்ணு சொல்றதுதான் சரி, நான் இங்க இருக்கேன், குடியிருக்கலை என்று சொல்லி அபராதம் கட்டிவிட்டார், அதுவும் நன்றி சொல்லிவிட்டு. ஸினைதா அம்மா இறங்கும்வரை அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தாள், இறங்கும்போது அவள் கையில் ஒரு ஆப்பிளையும் திணித்துவிட்டுப் போனாள்.

கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிவிட்டார்கள், அவர் இறங்கவில்லை. என் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்று தொப்பியைத் திருகிக்கொண்டிருந்தார். மூஹுவில் தன் பதிவை ஏன் விடாமல் வைத்திருந்தார் என்று முதல்முறையாகச் சொன்னார். அந்தத் தீவில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்களாம், ஒரு தலை குறைந்தாலும் அங்கேயே இருக்கும் தன் அண்ணனுக்கு முகம் வாடிவிடுமாம், அதனால் இத்தனை வருஷமும் டிக்கெட் வாங்கியே வந்திருக்கிறார். இனிமேல் மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன், ஆனால் அந்த வாடகை வீட்டுக்காரர் தன் முகவரியைத் தரமாட்டார் என்றார். நான் மரமண்டை, வேறு அறை பாருங்களேன் என்றேன். அவர் தொப்பியைத் தலையில் வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு, "வேற அறை வேண்டாம், உர்வே. உங்க முகவரில என்னைச் சேர்த்துக்குவீங்களா?" என்றார். ஹெலேரி, எனக்குப் பதினாறு வயசுபோல ஆகிவிட்டது. மகளைக் கேட்கணும் என்றேன். கேளுங்க, அவசரமில்லை, அதுவரைக்கும் டிக்கெட் வாங்கிக்கிறேன் என்றார். திரும்பும்போது முதல் நிறுத்தத்தில் நிற்க மறந்தே போய்விட்டேன், அங்கே காத்திருந்தவர்கள் குடையை ஆட்டி ஆட்டிக் கத்தினார்கள். புகார் வந்திருக்கிறது, வரட்டும்.

போன மாசம் ஜான் திருநாளுக்கு வழக்கம்போலக் கடலோரத்தில் கோடை நெருப்பு மூட்டினோம், அங்கே அந்த ஊஞ்சலும் நிறுத்தியிருந்தார்கள். சின்ன அளவுதான், பயப்படாதே. அவர் என் காலையும் கையையும் கட்டினார், மண்டியிட்டு ஒவ்வொரு வாரையும் இழுத்து இழுத்துப் பார்த்தார். உட்கார்ந்து எழு, உட்கார்ந்து எழு என்று கீழே நின்று சொல்லிக்கொண்டே இருந்தார், மூச்சு வாங்கியது, முட்டி கெஞ்சியது. திடீரென்று கடல் தலைக்கு மேலே வந்தது, ஸினைதா அம்மா தலைகீழாக நின்று சிலுவை போட்டுக்கொண்டிருந்தாள், நான் மறுபக்கம் வந்துவிட்டேன். ஒரு முழு வட்டம், மகளே. உன் அம்மா. இறங்கிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் வந்தது, இரண்டும் சேர்ந்து வந்தால் மூக்கு எப்படி ஒழுகும் என்று உனக்குத் தெரியும்.

அப்பாவை நினைக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ஒரு தடவை வெல்லோ பேரைச் சொன்னதும் நீ பேச்சை மாற்றி இங்கே பனி பெய்கிறதா என்று கேட்டாய், அப்போது மே மாதம். அப்பாவை நான் மறக்கவில்லை, மறக்கவும் வராது. இப்போதும் சூப்பில் உப்பு போடும்போது அவர் முகம் சுளிப்பது தெரிகிறது. கீழே தபால் பெட்டியில் அப்பா பேரை என்ன செய்வது என்று வெல்லோவிடம் கேட்டேன். அது பாட்டுக்கு இருக்கட்டும், கீழே இடம் இருந்தா என் பேரைப் போடுங்க, இல்லேன்னா வேண்டாம் என்றார். இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். ஆனால் உனக்கு மனசில்லை என்றால் போடமாட்டேன், உன்மேல் வருத்தமும் படமாட்டேன். படுவேன், ஆனால் காட்டிக்கொள்ளமாட்டேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே, ராத்திரி கண் விழித்து வேலை பார்க்காதே. நீ தொட்டதெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், உன் வீட்டில் எப்போதும் சிரிப்புச் சத்தம் கேட்கட்டும். ஒன்று மறக்காதே, உன் அடையாள அட்டை இந்த வருஷம் காலாவதி ஆகிறது, புதுப்பித்தால்தான் அங்கிருந்தே கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போட முடியும். அதில் போட்டால் ஒரு நிமிஷத்தில் எனக்கு வந்துவிடும் என்று எனக்கும் தெரியும். போனில் கேட்டிருந்தால் உன் பதில் அன்றைக்கே வந்திருக்கும் என்றும் தெரியும். அதனால்தான் தபாலில் போடுகிறேன். இது உன் கைக்கு வர மூன்று வாரமாவது ஆகும் என்று தபால் அலுவலகத்தில் சொன்னார்கள். நீ வேண்டாம் என்று சொல்வதாக இருந்தாலும், அந்த மூன்று வாரம் நான் சந்தோஷமாக இருந்துகொள்கிறேன்.

முத்தங்களுடன்,
உன் அம்மா
உர்வே