சுக்குக்கு நாய்த் தீனி

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. கோடவுனில் ஏலக்காய் நிறம் பிரிக்கும் மெஷின் நல்ல பச்சைக் காயையும் சேர்த்து வெளியே துப்புகிறது. லென்ஸ் துடைத்தாயிற்று, காற்றுக் குழாய் மாற்றியாயிற்று. நாளை மறுபடி பார்க்க வேண்டும். குடை எடுக்காதது என் முட்டாள்தனம்.

சாயங்காலம் எங்கள் பூனை சுக்கு ஜன்னல் விளிம்புக்குத் தாவி, எட்டாமல், வாளி மேல் விழுந்தது. பூனை தவறி விழுமா? தரை ஈரம் என்று அம்மாவைத் திட்டினேன்.

"தொடச்சு அப்பவே காஞ்சு போச்சுப்பா. அதுக்கு யாரு கண்ணோ பட்டிருக்கு."

"கண்ணும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல."

தங்கச்சி பூங்கொடிக்குத் தெரிந்தால் கத்துவாள். கல்யாணமாகி மலைக்கு மேலே எஸ்டேட்டுக்குப் போனபோது பூனையை என்னிடம்தான் கொடுத்தாள், அம்மாவிடம் இல்லை. "நீதாண்ணே ஒழுங்காப் பாத்துக்குவ."

ஜூலை 15, செவ்வாய்

மெஷின் சரி. வயரிங் கோளாறு.

இன்று சுக்கு கதவு நிலையில் முட்டிக்கொண்டது. போன் டார்ச்சை அதன் முகத்தில் அடித்தேன். கண்மணி சுருங்கவில்லை. அகலமாக, கறுப்பாக அப்படியே. அதன் குட்டி மிளகுக்கு அடித்தேன். மூன்று மாதக் குட்டி. உடனே கோடாகச் சுருங்கியது.

சென்சாருக்கு வெளிச்சம் கொடுத்து சிக்னல் வரவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் திரும்பத் திரும்ப அடித்தேன். சுக்கு டார்ச் பிடித்த கையை நக்கியது.

நாளை அரை நாள் லீவு.

ஜூலை 16, புதன்

கால்நடை ஆஸ்பத்திரி. வரிசையில் ஆடு, கன்றுக்குட்டி, நடுவில் காய்கறிக் கூடையில் சுக்குவோடு நான். ஆட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"பூனைக்கெல்லாமா ஊசி, தம்பி? வெளிய விட்டா எலியத் தின்னு தேறிரும்."

"உங்க சோலியப் பாருங்கய்யா."

டாக்டர் அம்மா சுக்குவின் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "என்ன தீனி?"

"பாக்கெட் தீனிதான் மேடம். அளந்துதான் வைக்கிறேன்."

"எந்தப் பாக்கெட்?"

போனில் போட்டோ காட்டினேன். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுல நாய்ப் படம்ல போட்டிருக்கு?"

"புரதம் எவ்வளவுன்னு பாத்தேன் மேடம். பூனைத் தீனிக்குச் சமமாத்தான் இருந்துச்சு."

"புரதம் சரி. டாரின்னு ஒரு சத்து இருக்கு. நாய் உடம்பு அதைத் தானே செஞ்சுக்கும், பூனையால முடியாது. கறி, மீனு, இல்ல பூனைக்குன்னே செஞ்ச தீனி, இதுல இருந்துதான் வரணும். எத்தனை மாசமாக் குடுக்குறீங்க?"

"கிட்டத்தட்ட பத்து."

பேனாவை மூடி வைத்துவிட்டார். "போன கண்ணு வராது தம்பி. இதயம் தப்பிச்சிருக்கு, அதைக் காப்பாத்துவோம். ஒரே குட்டிதான் போட்டுச்சா?"

"மூணு. ரெண்டு பிறக்கும்போதே செத்திருச்சு."

அவர் மறுபடி பேனாவைத் திறந்தார். எழுதத் தொடங்கினார். அந்த இரண்டையும் துணியில் சுற்றிப் புதைத்தவன் நான். "பலவீனமான குட்டி" என்று அம்மாவுக்கு விளக்கமும் கொடுத்தேன்.

ஜூலை 17, வியாழன்

காற்று. இரண்டு தடவை கரண்ட் போனது.

யோசித்துப் பார்த்தால்:

- தீனி மாற்றியது: நான். கோடவுன் நாய்க்கு வரும் மூட்டையிலேயே எடுத்துக்கொள்ளலாம், தேனிவரை அலைய வேண்டாம் என்று.
- அட்டவணை எழுதி பிரிட்ஜில் ஒட்டியது: நான்.
- மாடிக் கதவைப் பூட்டி எலி வேட்டையைக் கெடுத்தது: நானே. கிருமி வருமாம்.

அம்மா வைத்தது பால்சோறும் சாளை மீன் தலையும். பால் அதன் வயிற்றைக் கலக்கியது உண்மை. பாலை மட்டும் நிறுத்தியிருக்கலாம். மீனையும் சேர்த்து நிறுத்தினேன். "பூனைக்கு ரேசன் கார்டு போட்டுட்டான்" என்று அப்போது அம்மா சிரித்தாள். இப்போது திட்டினால் தேவலை.

மதியம் பூங்கொடி போன். "ஞாயித்துக்கெழம ஜீப்பு கீழ வருதுண்ணே. சுக்குவையும் மிளகையும் கூட்டிட்டுப் போறேன். எஸ்டேட்டு லயத்து வீட்டுல எலித் தொல்லை தாங்கல. என் சுக்கு வந்தா ஒரு எலி நிக்காது."

"ம். வா" என்றேன். கண் விஷயத்தை மறைத்துவிட்டேன்.

ஜூலை 18, வெள்ளி

தேனி போய் வந்தேன். பஸ்சில் நின்றுகொண்டே. பூனைத் தீனி, மிளகுக்குக் குட்டித் தீனி தனியாக, டாரின் பொடி. அவித்த சாளை: முள் எடுத்து, உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் இல்லாமல். கோழி ஈரல் கொஞ்சம்தான், தினமும் கூடாது. பால் கிடையாது, தண்ணீர் மட்டும்.

மிளகுக்குக் கண் நன்றாக இருக்கிறது. இன்றும் டார்ச் அடித்துப் பார்த்தேன்.

சுக்கு வீட்டுக்குள் பெரும்பாலும் முட்டாமல் நடக்கிறது. மீசையால் சுவரைத் தடவிக்கொண்டே போகிறது. சொன்னால் தவிர யாருக்கும் தெரியாது.

ஜூலை 19, சனி

சொல்லாமல் அனுப்பிவிடலாம். அங்கே போய்க் கெட்டது என்று இருக்கட்டும். குளிர், மலைத் தண்ணீர், ஏதோ ஒன்று.

எழுதியதைப் படித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. லயத்து வாசலை ஒட்டிச் சரிவு. சரிவுக்குக் கீழே ரோடு. நாளெல்லாம் லோடு ஜீப்.

ஜூலை 20, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார்கள். பூங்கொடி வாசலில் நின்று "ஏ சுக்கு!" என்றாள். சுக்கு நேராக ஓடிப் போய் அவள் காலில் உரசியது. குரல் போதும் அதற்கு.

"அண்ணே, கொழுகொழுன்னு வச்சிருக்கியே!"

அவள் வீட்டுக்காரர் முருகன் சேர்ந்துகொண்டார். "மச்சான், அந்தத் தீனியில எனக்கும் ரெண்டு கிலோ கட்டுங்க. உங்க தங்கச்சி சோத்துக்கு அது தேவல."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, என்னையே பார்த்தாள். சாப்பாடு முடிந்தது. கூடை ஜீப்பில் ஏறியது. வண்டி ஸ்டார்ட் ஆனது. அப்போதுதான் வாய் திறந்தேன்.

"அதுக்குக் கண்ணு தெரியாது."

"எதுக்கு?"

"சுக்குக்கு. நாய்த் தீனி போட்டேன். அதனாலதான்."

முருகன் வண்டியை அணைத்தார். பூங்கொடி சுக்குவைத் தூக்கி முகத்துக்கு நேரே விரலை ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள்.

"கண்டதப் போடாதன்னு அம்மாவ எத்தன தடவ கத்திருப்ப நீ."

"ஆமா."

"என்னிக்குத் தெரியும்?"

"செவ்வாக்கெழம."

"வியாழக்கெழம போன் பண்ணேன்ல? எலி பிடிக்கும்னு வேற சொன்னேன்ல?"

தீனியில் தெரியாமல் தப்பாகக் கணக்குப் போட்டேன். போனில் தெரிந்தே மறைத்தேன்.

சுக்குவை என் கையில் கொடுத்தாள். "இங்கயே இருக்கட்டும். இந்த வீடாவது அதுக்குப் பழக்கம். மிளகக் கொண்டு போறேன். அதையாவது நான் பாத்துக்குறேன்."

என் முகத்தைப் பார்க்காமல் ஏறினாள். புதுத் தீனிப் பையை நீட்டினேன். முருகன்தான் வாங்கிக்கொண்டார்.

ஜூலை 21, திங்கள்

சாரல் இல்லை. மலை தெரிகிறது. மிச்ச நாய்த் தீனியைக் கோடவுன் நாயிடமே சேர்த்தேன். மெஷின் ரிப்பேர் மூன்று இடத்தில், ஒன்றுக்குத்தான் போனேன். பூங்கொடி போன் எடுக்கவில்லை.

சுக்கு காலையிலிருந்து மிளகைத் தேடிக் கத்துகிறது.

சாளை அவித்து, பொடி கலந்து அம்மா வைத்தாள். மோந்து பார்த்தது, காலால் தொட்டது, விலகிப் போய்விட்டது. அதே கிண்ணத்தை நான் எடுத்து வைத்தேன். மோந்துகூடப் பார்க்கவில்லை. அப்படியே தின்றது.